அப்பா ஓர்கனை முந்திய ஞாயிறு

அன்புள்ள மகன் கிறிஸ்ரிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அப்பாவின் முழங்காலையும் வீம்பையும் தவிர. நீயும் மருமகளும் அந்த நோர்வேக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மன்றாடாத நாளில்லை. மருமகள் அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது. இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவதென்று தெரியவில்லை, ஆனாலும் அப்பா போட்டு நடந்து பார்த்துக் குசினி அடுப்படியில் வழுக்கி விழப் பார்த்தார் என்று அவவுக்குச் சொல்லிவிடாதே.

பெரிய புதினம், எங்கள் பள்ளிக்கூடச் சேப்பலில் ஓர்கன் திரும்பவும் பாடத் தொடங்கிவிட்டது. யுத்தகால இடப்பெயர்வுக்குப் பிறகு குளவி கூடு கட்டிக் கிடந்த குழாய்களை எல்லாம் கழற்றித் துடைத்து, உடைந்ததற்குப் புதிது செய்து, காற்றுப் பெட்டிக்கும் புதுத் தோல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வாசிக்கிறது ஜெசிதா, இப்போது அங்கே சங்கீத ரீச்சர், ஞாயிறு பள்ளியில் உன் இனிப்பைப் பறித்துத் தின்றவள்தான். எல்லாருக்கும் சந்தோஷம், உன் அப்பாவைத் தவிர. ஓர்கன் ஊமையாய்க் கிடந்த காலமெல்லாம் முதல் வரிசை வாங்கில் இருந்தபடி பாட்டு எடுத்துக் கொடுத்தது அவர்தானே. அவர் தொண்டையைச் செருமினால் சபை எழும்பும், வாயைத் திறந்தால் சபை பாடும். இனித் தன்னை யாரும் தேடமாட்டார்கள் என்ற கவலையை வாயால் சொல்லவில்லை, ஓர்கன் பிரதிஷ்டை நாளன்று சேட் சரியாக அயன் பண்ணவில்லை என்று என்னோடு சண்டை பிடித்து ஆற்றிக்கொண்டார்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். முதலில் ஓர்கன் தனியே ஒரு சரணம் வாசிக்கும், சபை காத்திருந்துதான் பாட வேண்டும். ஜெசிதா மெல்லிய குழாய்களில் மெதுவாகத் தொடங்கினாள். பாதி வரி கூடப் போகவில்லை, அப்பா செருமிக்கொண்டு முழுக் குரலில் எடுத்துவிட்டார். சபையும் பழக்கதோஷத்தில் அவருக்குப் பின்னால் போய்விட்டது, போதகர், அதிபர், நான் உட்பட. பாவம் ஜெசிதா, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி எங்களைத் துரத்திக்கொண்டு வந்து இரண்டாம் சரணத்தில்தான் பிடித்தாள். தேத்தண்ணி நேரம் எல்லாரும் சிரிசிரியென்று சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முழங்கால் நோகிறது, சேப்பலுக்கு வரவில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஆனால் இடையில் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் வாங்கச் சைக்கிளில் போனபோது அந்த முழங்காலுக்கு ஒரு நோவுமில்லை. வெட்கத்தில் ஒளிக்கிறார் என்று நானும் வாய்க்கு வந்தபடி பகிடி பண்ணினேன். பிறகு ஒருநாள் குக்கர் விசில் அடித்து அடித்துக் கத்துகிறது, மனிசன் பக்கத்திலிருந்து பேப்பர் பார்க்கிறார். நான் கூப்பிட்டால் கேளாத மாதிரி இருப்பது கலியாண நாள் தொட்டு உள்ள பழக்கம், அதனால் நானும் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அடுப்பை நிற்பாட்டினேன். பின்னால் போய் நின்று, மீன்காரர் நல்ல விளைமீன் கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். விளைமீனுக்கு எழும்பாத மனிசனா அவர். தலை கூடத் திரும்பவில்லை.

சனிக்கிழமை ஜெசிதா வீட்டுக்கு வந்தாள், என்னில் கோபமா அங்கிள் என்று கேட்டாள், அப்பா முருங்கை இலை ஆய்ந்துகொண்டே இருந்தார். அவள் முன்னால் வந்து குந்தியிருந்து திரும்பவும் கேட்டபோதுதான் சொன்னார்.

"எனக்கு ஓர்கன் தொடங்கினது கேக்கேல்லைப் பிள்ளை. ஒரே அமைதியாக் கிடந்துது, எடுத்திட்டன்."

என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னாரே என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஓர்கன் வாசிக்கிறவர் சபைக்கு முதுகைக் காட்டி இருப்பதால் முன்னால் ஒரு கண்ணாடி பூட்டியிருக்கும். ஜெசிதா அதை முதல் வாங்குப் பக்கம் சரித்து வைத்தாள். முன்வாசிப்பு முடிய அவள் கண்ணாடிக்குள் தலையை நிமிர்த்தி நாடியை உயர்த்துவாள், அப்பா எடுப்பார், சபை அப்பாவுக்குப் பின்னால் போகும். போன ஞாயிறு ஒரு பிசகும் இல்லை. இந்த வயதில் கண்ணாடிக்குள் பெட்டை பார்க்கவா சேப்பலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன், கேட்கவில்லையோ, கேளாத மாதிரி இருந்தாரோ தெரியாது. காதுக்கு மெஷின் போடச் சொல்லி யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொல்லியிருக்கிறார், இவர் யோசிப்பம் என்கிறார்.

மகன், இதையெல்லாம் இவ்வளவு விரித்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நீ போன் எடுத்தால் அப்பா ஒரு சொல்லோடு என்னிடம் தந்துவிடுகிறார், நீ ஊரில் வேலையை விட்டுப் போன கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை என்று மனம் நொந்து சொன்னாய். நானும் அப்படித்தான் என்று நம்பி உனக்கு ஆறுதல் சொன்னேன். ஞாயிறு பின்னேரம் நான் அவரிடம் கேட்டேவிட்டேன். "அவன் கதைக்கிறது விளங்குதில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டால் பிள்ளை பயந்து போவான்" என்றார். அவருக்கு உன்னில் கோபம் ஒன்றுமில்லை ராசா, ஒருநாளும் இருந்ததுமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மருமகளுக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மறவாமல் ஒன்று செய், இனி வீடியோவில் எடு, வெளிச்சம் முகத்தில் படும்படி இரு, அந்தக் காட்டுத் தாடியையும் வழித்துவிடு. அப்பாவுக்கு உன் வாய் தெரிய வேண்டும்.

உன் அன்பான அம்மா,
அருமைநாயகி