வெளியேறு பொத்தான்

சனிக்கிழமை, இரவு

தேயிலைத் தோட்டத்துக் கணினி வகுப்பில் பாக்கியம் அக்காவை இன்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர். 'வெளியேறு' பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து போய்விடுகிறார். கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு எழுதிய கடிதம் இன்றும் யாரும் பார்க்கும்படி திரையில் கிடந்தது.

"மலையில நேரத்துக்கு முன்னாடி வெளியேறுனா அரைநாள் பேருதான் போடுவாங்க டீச்சர், பாதிச் சம்பளந்தான். இங்கயும் பேர வெட்டிருவீங்களோன்னு பயந்துட்டேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

பேரை யாரும் வெட்டமாட்டார்கள் என்றேன். பயந்துகொண்டே அழுத்தினார். 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?' என்று திரையில் வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க டீச்சர், இது நம்மகிட்ட கேட்டுட்டுல்ல அனுப்புது!"

ஏன் அழுத்தவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.