கழுத்து லேபிள்

20 ஜனவரி 2025, திங்கள்

நான் படிக்கிற விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், என்றால் என்ன என்று இன்று பஸ்ஸில் ஒரு அத்தை கேட்டார். மூன்று வருஷமாக இதற்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கிறது. டிவியில் வருவியா, கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பியா... ரெண்டும் இல்லீங்க என்றேன். அப்பா மட்டும்தான் யார் கேட்டாலும் கூசாமல் சொல்வார்: "என்ற பொண்ணு நாலு பேருக்குச் சேதி சொல்றதுக்குப் படிக்கிறாளுங்க."

கடைசி செமஸ்டர் புராஜெக்ட், ஒரு ஆவணப்படம். எங்கள் பனியன் தையல் ஷெட்டையே எடுக்கப்போகிறேன். எட்டுத் தையல் மெஷின், அப்பா, கருத்தம்மாக்கா, இன்னும் சில டெய்லர்கள். "நம்ம ஷெட்டுல என்ன அம்மிணி இருக்குது?" என்ற அப்பா, சாயங்காலமே சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

எடுத்து முடித்தேன். அப்பா தீபாவளிச் சட்டையோடு வந்து நின்றார். அதைக் கழற்ற வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பனியன் கழுத்தில் லேபிளை வைத்து ஒரே இழுப்பில் தைக்கிறாரே, அதற்கு மட்டும் ரொம்பக் கிட்டே போனேன். விரல், ஊசி, லேபிள். படத்திலேயே அதுதான் நல்ல ஷாட். யார், எங்கே என்று போடாத படம் படமே இல்லை என்பார் எங்கள் காலேஜ் மேடம். அதனால் கீழே போட்டேன்: ரத்தினசாமி, குண்டடம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

படத்தைக் காலேஜ் இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கை எகிறுகிறது. அப்பா டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனை நீட்டுகிறார். கூச்சமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

13 பிப்ரவரி, வியாழன்

திருமூர்த்தி வந்தார். எங்களுக்குத் தைக்க வேலை கொடுக்கிற கம்பெனி முதலாளி. அம்மா கையால் காபி குடிக்காமல் போகமாட்டார். இன்று உட்காரவே இல்லை.

அவரிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர், தன் துணியைத் திருமூர்த்தி கம்பெனிக்குள்ளேயே தைக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறான். அவசரத்துக்கு இவர் எங்களிடம் கொடுப்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. பையர் ஆபீசில் யாரோ என் படத்தைப் பார்த்துவிட்டார்கள். லேபிளில் பிராண்ட் பேர் பளிச்சென்று தெரிகிறது. கீழே எங்கள் பேரும் ஊரும். ஆர்டர் கேன்சல்.

"ஏனுங்க ரத்தினசாமி, இத்தன வருஷப் பழக்கத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார்.

"புள்ளைக்குத் தெரியாதுங்க" என்றார் அப்பா.

தெரியாதுதான். ஆனால் பார்ப்பவர் யார் என்று முதலில் யோசி என்றுதானே மூன்று வருஷம் படித்தேன்? நான் யோசித்தது மேடத்தையும் கிளாஸ் பசங்களையும். லேபிளைப் பார்க்கிறவனை யோசிக்கவில்லை.

14 பிப்ரவரி, வெள்ளி

காலேஜ் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள். அதற்குள் ஆளாளுக்கு அனுப்பியாகிவிட்டது.

1 மார்ச், சனி

ஷெட் சும்மா கிடக்கிறது. மற்ற கம்பெனிகளிலும் அப்பா பேரைக் கேட்டதும் "அப்பறம் சொல்றோமுங்க" என்கிறார்களாம். அம்மா இன்று பொறுக்கமாட்டாமல், "சேதி சொல்றதுக்குப் படிச்சாளாமா. நல்லாச் சொல்லிப்போட்டா" என்றாள். அப்பா தட்டிலிருந்து நிமிராமல், "நாந்தான் எடுக்கச் சொன்னேன். அவளப் பேசாத" என்றார்.

ஏனுங்கப்பா, ஒரு அறை உட்டிருந்தா என்னங்க? இப்படிச் சொன்னா நான் எங்க போறது. என்னால முடியலைங்கப்பா.

22 மார்ச், சனி

விற்ற மெஷின்களை வாங்கியவர்கள் ஏற்றிப் போனார்கள். கருத்தம்மாக்கா சாத்தூருக்கே திரும்பிப் போகிறார். சொல்லிக்கொள்ள வந்தவர் கேட்டது இதுதான்: "யம்மா மோனிஷா, படத்துல நான் நல்லாத்தான இருந்தேன்? ஊர்ல எங்க அக்கா பாத்துட்டு அழுதுட்டாளாம்." நல்லா இருந்தீங்கக்கா என்றேன்.

11 ஏப்ரல், வெள்ளி

வைவா. துறையில் முதல் மார்க் எனக்குத்தான். மேடம் கட்டிப்பிடித்தார். வீட்டில் சொல்லவில்லை.

2 ஜூன், திங்கள்

அப்பாவுக்குப் பல்லடம் பக்கம் பெரிய கம்பெனியில் டெய்லர் வேலை கிடைத்திருக்கிறது. ஊரைக் கேட்டதும் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தாராம். "குண்டடத்துல யாரோ ரத்தினசாமியோட பொண்ணு வீடியோ எடுத்துச்சுன்னாங்களே, அது நீங்கதானா?"

"அந்தப் பேருல எங்கூர்ல நாலஞ்சு பேருங்க. எனக்குப் புள்ளைங்களே இல்லீங்க."

இதை அப்பாவே என்னிடம் சொன்னார், செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "அந்தப் பக்கம் மட்டும் வந்துறாத அம்மிணி." சரிங்கப்பா என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

19 ஜூன், வியாழன்

அப்பா சுகர் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிட்டும் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் நானே பஸ் ஏறினேன்.

"ரத்தினசாமிக்கு நீ என்ன வேணும்?" என்றார் செக்யூரிட்டி. "பக்கத்து ஊடுங்க" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில்தான்.

அப்பா வந்தார். சட்டையெல்லாம் நூல் பிசிறு. மாத்திரையை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். செக்யூரிட்டி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மாளுக்குக் காச்சல் உட்டுருச்சா கண்ணு?" என்றார் அப்பா.

"இன்னும் இல்லீங்க."

"பாத்துக்க. உங்கப்பனையும் நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றனுங்க மாமா" என்றேன்.