கையைப் பாக்கெட்டில் வைத்திருந்த நாள்

ரோட்டன்பாக், திங்கள் காலை

அன்பு மகள் ரோன்யாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவும் நலம், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறாள் என்பதைத் தவிர. நேற்றைய போட்டியில் தொடை அப்படி. படிக்கு ஒரு கெட்ட வார்த்தை, ஒரு சிரிப்பு. நீயும் அங்கே நியூசிலாந்தில் உன் ஆடுகளோடு சௌக்கியம்தானே. நேற்று "மூன்றாவது" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பியதற்கு "இது செய்தியா, தந்தியா? ஒழுங்கா உக்காந்து எழுதுப்பா" என்று திட்டியிருந்தாய். உட்கார்ந்துவிட்டேன்.

உன் மூன்று வயதில், உன் குழந்தை இருக்கையோடு சேர்ந்த சைக்கிளில், நீச்சல் சைக்கிள் ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஊர் ட்ரையத்லானுக்குப் போய்க் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தவள் உன் அம்மா. கழற்ற மறந்தது நான்தான், இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இருபத்தெட்டு வயதில் அதையே தொழிலாக்கிக்கொண்டாள், இடுப்பெலும்பு விரிசலில் இரண்டு வருடம் போனது, திரும்பி வந்து இரண்டு போட்டி ஜெயித்தாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு ஆதரவு கொடுத்த நிறுவனம், நாற்பது வயதுக்காரியோடு இனி ஒப்பந்தம் கிடையாது என்று மூன்றே வரியில் முடித்துக்கொண்டது. அதனால் நேற்றைய போட்டிக்கு முன்பே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "முதல் மூணுல வந்தா உலகப் போட்டிக்கு இடம். வரலேன்னா பந்தய சைக்கிள வித்துட்டு முழுநேரம் பிசியோதெரபி வேலை. அழுகாச்சி கிடையாது" என்று. நான் சரி என்றேன்.

நீச்சலில் ஐந்தாவதாகக் கரையேறினாள். சைக்கிளில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டாள். நான் வழக்கம்போல் தேவாலய மேட்டில், தூறலில் நின்றிருந்தேன், பக்கத்தில் பேக்கரி ஹெட்விக் உற்சாகப்படுத்த மாட்டுமணியை ஆட்டி ஆட்டி என் இடது காதைச் செவிடாக்கிக்கொண்டிருந்தாள். நூற்றுநாற்பதாவது கிலோமீட்டர். அம்மா வளைவில் தெரிகிறாள், எனக்குப் பத்தடி முன்னால் பின்சக்கரம் புஸ்ஸ். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சைக்கிளை முந்தின நாளே ஒப்படைக்க வேண்டும் அல்லவா, சனிக்கிழமை வரிசையில் நின்று நின்று எனக்குப் பொறுமை போய், இருக்கைக்கு அடியிலிருக்கும் பையில் ஒரு மாற்று ட்யூபைத் திணித்தேனே, அது நீ கடைக்குப் போய்வந்த சைக்கிளின் ட்யூப். குட்டை வால்வு! பந்தயச் சக்கரத்தின் ரிம் உள்ளங்கை அகலத்துக்கு ஆழம், அந்த வால்வு வெளியே தலையே காட்டாது, காற்றடிக்கவே முடியாது. பதினைந்து வருடமாக இயந்திரம் வடிவமைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற நான்!

காலை எடுத்து முன்னால் வைத்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் "ஐயா, ஒரு திருகாணியத் தொட்டீங்கன்னாலும் அவங்க ஆட்டம் குளோஸ்" என்கிறார். ஹெட்விக் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து "அசையாதய்யா மனுஷா, அவளுக்குத் தெரியும்" என்கிறாள். அம்மா தலையே தூக்கவில்லை. டயரை உருவிக்கொண்டே, "யோகென், பின்னாடி போ. கைய ஜாக்கெட் பாக்கெட்ல வை. வச்சியா?" என்றாள். வைத்தேன். ரப்பர் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் அதே குட்டை வால்வு ட்யூப், என் பாக்கெட்டில்! அவள் கையிலோ நீள வால்வு, ஏற்கெனவே சக்கரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு தரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், ஏறினாள், போயே போய்விட்டாள். நான் நடுரோட்டில் அந்த ட்யூபைத் தலைக்கு மேல் சுழற்றிக் குதித்தேன். நடுவர் நான் குடித்திருக்கிறேன் என்றே நினைத்திருப்பார்.

மூன்றரை நிமிடம் போச்சு, ஐந்தாம் இடம். ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரில் ஒருத்தியைப் பிடித்தாள், இன்னொருத்தியைக் கடைசி வளைவில். பதினொரு நொடி வித்தியாசத்தில் மூன்றாவது. கோட்டைத் தாண்டியதும் தரையில் படுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட் கேட்டாள். ட்யூபை நீட்டி இது எப்படி என்றேன். "பதினாறு வருஷமா நீ கட்டுற பையத் தொறந்து பாத்துட்டுத்தான்டா போட்டிக்குப் போறேன். காலைல இந்தக் குட்டைய எடுத்து உன் பாக்கெட்ல போட்டதும் நான்தான். குழந்தை சீட்டோட என்னை அனுப்புன ஆளு நீ" என்றாள். எனக்குக் கோபம் வரவேண்டியது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

உலகப் போட்டி அக்டோபரில், உன் பக்கத்துப் பெருங்கடலின் நடுவில் ஒரு தீவில். எங்களைவிட உனக்குப் பாதி தூரம்தான், இப்போதே லீவு சொல்லிவை. நீ அனுப்பிய ட்ராக்டர் படத்தில் இருப்பது பிரேக் இல்லை, அலங்காரம். மாற்றும்வரை ஏறாதே. மாற்றினாலும், நான் சொன்னேன் என்று நம்பாமல் நீயே ஒரு தடவை மிதித்துப் பார். உடம்பும் மனசும் பலமாக இரு கண்ணே, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. அக்டோபருக்கான பையை இன்று காலையே கட்டிவிட்டேன். மூடவில்லை, சாப்பாட்டு மேசைமேல் திறந்தே வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் ஏழாவது படியில் இருக்கிறாள்.

உன் அப்பா,
யோகென்