கோதுமைக் கதிர் போட்ட குப்பி

உச்சக்கடை,
நவம்பர் 8, சனிக்கிழமை.

அன்புள்ள பினு அண்ணனுக்கு,

தங்கை லிபி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கடலில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன். நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். "லிபி, நீயும் ஒண்ணு பேசு பிள்ளே" என்று நீ சொன்னாலே எனக்குக் குரல் தடுமாறிவிடும். அதிலும் இது அப்பா காதில் விழக்கூடாத செய்தி. தன் அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த விஜின், திங்கட்கிழமை புறப்பட்டுக் கொழும்பில் மறுபடியும் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், நமக்குத் தெரிந்த தமிழ் ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அடுக்களைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மாவுக்கு முட்டுவலி குறைவு. நான் தாசம்மாள் அக்காவின் தையல் கடையில் நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைக்கிறேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை, மெஷின்தான் பேசுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அப்பா விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்குப் போனால் மூன்று மணிக்கு வீடு.

நீ கரை இறங்கும் ஊர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதுகிறாயே பீரைப் பற்றி, அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜப்பான் பீர் தொண்டையில் இறங்கியதும் நாக்கில் ஒன்றும் மிச்சம் வைக்காது என்று எழுதினாய். "அது நல்ல மரியாதக்காரன்" என்றார் அப்பா. பெல்ஜியத்துக் கறுப்பு பீரில் கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் மணக்கும் என்று எழுதினாய். "பாயசத்துக்குப் போட வேண்டியதை எடுத்து இதுல போட்டிருக்கான்" என்றார். வியட்நாமில் தெருவோரம் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து ஐஸ் கட்டி போட்டுக் குடித்ததை வாசித்தபோது மட்டும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐஸ் உருகி வெள்ளம் சேர்ந்தா பின்ன எந்தா ருசி? அவனைக் கடைசியில போடு" என்றார். காலண்டருக்குப் பின்னால் ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறார். இப்போதைக்கு முதலிடம் அயர்லாந்துக்கு. காப்பிக்கொட்டை கருகின வாசமும், பால் ஏடு மாதிரி நுரையும் என்று நீ எழுதியதால்தான். ஜெர்மனிக்கு இரண்டாமிடம். அதற்கு முன்பு நாலாவதாக இருந்தது, சென்ற வாரம்தான் மேலே ஏறியது.

ஏன் ஏறியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

விஜின் கொண்டுவந்த பார்சலில் சோப்பும் சாக்லெட்டும் இருந்தன. டவலுக்குள் சுருட்டி ஒரு குப்பியும் இருந்தது. அதை அப்பாவுக்கென்று நீ வைத்தாய் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று நான் கடையில், அப்பா வண்டியில். பார்சலைப் பிரித்தது அம்மா. குப்பியில் கோதுமைக் கதிர் படம். எழுத்து ஒன்றும் அம்மாவுக்கு வாசிக்க வராது. பிள்ளைகள் குடிக்கிற ஏதோ கோதுமைச் சாறு என்று நினைத்துவிட்டாள். மறு ஞாயிறு அறுப்பின் பண்டிகை. மகன் கப்பலிலிருந்து அனுப்பிய முதல் பார்சல், அதன் முதற்பலன் கர்த்தருக்கு என்று சொல்லி, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குப்பியைக் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்துவிட்டாள்.

ஆராதனை முழுவதும் அது பலிபீடத்துக்கு முன்னால் தடியங்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் நின்றது அண்ணா. ஆயர் எல்லாவற்றின் மேலும் கையை நீட்டி ஜெபித்தார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஆராதனைக்குப் பிறகு காணிக்கைகளின் ஏலத்தில் சபைச் செயலாளர் சஜி அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். கோதுமைக் கதிர், கீழே நீலத்தில் ஜெர்மன் எழுத்து. நீ அனுப்பிய படத்தில் இருந்த அதே குப்பி. "நம்ம அருமைநாயகம் அண்ணாச்சி வீட்டுக் காணிக்கை, பாரின் ஜூஸ் மக்களே, சூடு காலத்துக்கு நல்லதாக்கும், கேளுங்க" என்று சஜி அண்ணன் கத்துகிறார். முதலில் கேட்டது யார் தெரியுமா? தாசம்மாள் அக்கா. தங்கச்சி மகன் மெலிந்து கிடக்கிறானாம், அவனுக்குக் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பையன் இரண்டாம் வகுப்புதான் படிக்கிறான். அக்கா எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தாள். எழுந்து சொல்ல நினைத்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. தாசம்மாள் அக்கா விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா கையைத் தூக்க, அப்பா அதற்கு மேலே கேட்டார். "சொந்த வீட்டுக் காணிக்கைய சொந்தமா ஏலம் எடுக்கிற ஆள இன்னைக்குத்தான் காணுதேன்" என்று அக்கா சிரித்தாள், சபை முழுவதும் சிரித்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் குப்பி அப்பாவிடம் வந்தது. அதைத் துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "விடு ரத்னா, ஆயர் ஜெபிச்ச பீர் உலகத்துலேயே நம்ம வீட்டுலதான் இருக்கு" என்று அப்பா சிரித்தார். ஆனால் துண்டைப் பிரிக்காமலே குப்பியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அண்ணா, நீ போனது பெப்ருவரியில். மார்ச்சில் ஒரு நாள் காலை, துறைமுக கேட்டில் டிரைவர்களை ஊதச் சொல்லும் மெஷினில் அப்பா ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள் குடித்தது காலைவரை உடம்பில் இருந்திருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவரை இறக்கி அனுப்பிவிட்டார்கள். நடந்தே வீட்டுக்கு வந்தார். அவருடைய கண்ணாடித் தம்ளரைக் கழுவி, அதில் எங்கள் மூன்று பேருடைய பல் பிரஷையும் போட்டு வைத்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. வேலையும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் நீ பீரைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவாயாம். அதுதான் அவருக்குப் பயம்.

அந்தக் குப்பி ஆறு நாள் பிரிட்ஜ் கதவில் நின்றது. அம்மா எடுத்து ஊற்றிவிடப் போனாள். "காணிக்கை வச்சத சாக்கடையில ஊத்தாத" என்று அப்பா தடுத்தார். அந்த ஆறு நாளும் அப்பா தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால் எனக்கு மெஷினில் நூல் அறுந்த மாதிரி இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அப்பத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா குப்பியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார். மூடியைத் திறந்தார். மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அம்மா மாவு அரைப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு, "வாழைப்பழமும் கிராம்பும். பினு எழுதினது சரிதான்" என்றார். "அப்பத்துக்குக் கள்ளு ஊத்துற காலம் உண்டும் இல்லியா ரத்னா? இத ஊத்து" என்று சொல்லி, அம்மா கையில் கொடுக்காமல் அவரே முழுவதும் மாவில் ஊற்றினார். உடனே குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி அந்தத் தண்ணீரையும் ஊற்றினார்.

மறுநாள் அப்பம் வந்ததே அண்ணா, ஓரம் வலை மாதிரி, நடு பஞ்சு மாதிரி! அப்பா ஏழு சாப்பிட்டார். திங்கட்கிழமை மெஷினில் ஊதப் பயந்துகொண்டே போயிருக்கிறார். பச்சை விளக்கு. மூன்று மணிக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காலண்டரைத் திருப்பி ஜெர்மனியை மேலே ஏற்றினார். அப்போது என்னிடம் ஒன்று சொன்னார். "குடிச்ச காலத்துல கியூல நின்னு வாங்கி, மூச்சப் பிடிச்சு இறக்கினதுதான் மக்களே, ஒண்ணுக்கும் ருசி தெரியல்ல. இப்பம் நீ வாசிக்கும்போதுதான் தெரியுது."

கிறிஸ்மஸுக்கு வரும்போது ஆறு ஊரின் பீரை அப்பாவுக்குக் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். கஸ்டம்ஸில் இரண்டு லிட்டர் விடுவார்கள், ஆறு சின்னக் குப்பி சரியாக அடங்கும் என்று கணக்குப் பார்த்து, கப்பல் ஸ்டீவர்டிடம் கொடுத்துப் பூட்டியும் வைத்திருக்கிறாய். அதை அப்பாவுக்கு வாசிக்கும்போது அந்த இரண்டு வரியை நான் தாண்டிவிட்டேன். அண்ணா, அவற்றைக் கொண்டுவராதே. ஒரு குப்பியை அப்பா ஜெயித்துவிட்டார். ஆறு வேண்டாம். நீயும் உன் சிநேகிதர்களும் கரையில் குடித்துவிட்டு மூடிகளை மட்டும் கொண்டுவா, அப்பாவின் வரிசைக்குப் பக்கத்தில் நான் ஒட்டி வைக்கிறேன். அப்பம் நன்றாக வந்ததென்று அம்மா போனில் ஒரு குப்பி கேட்டாலும் கேட்பாள். கேட்காத மாதிரி இருந்துவிடு.

ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. இனி இன்னும் விவரமாக எழுது. நிறம், நுரை, முதல் வாயில் என்ன, கடைசியில் என்ன என்று ஒன்றுவிடாமல் எழுது. பீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நீ எழுதுவதை வாசிக்கும்போது மட்டும் எனக்குக் குரல் தடுமாறுவதில்லை. ஒன்றும் தெரியாதவன் மாதிரியே எழுது. வந்த பிறகும் தெரியாதவன் மாதிரியே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் முதலிடம் என்று அவரோடு சண்டை போடு. அவராகச் சொல்லும் நாளில் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்.

கர்த்தர் உன்னை அலையிலும் கரையிலும் காத்து, வெறுங்கையோடு எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
லிபி