நஷூக் என்று கூப்பிட்டால்

2023 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, மாலை 4.10. நம் ஓடையில் பீவர்கள் கட்டிய குளங்கள், இன்றைய கணக்குக்குப் பதினொன்று.

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும். ஆங்கரேஜ் பிரசவ விடுதியில் வெறும் கோழியும் கீரையும்தான் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். காய்ந்த மீனும் சீல் எண்ணெயும் தனிப் பெட்டியில் தபால் விமானத்தில் அனுப்பியிருக்கிறேன். அறையில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும். நீ சாப்பிடு.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் மாமியார் மேபெல் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாக்கிடாக்கியில் பேசினால் ஊரே கேட்கும். அவர் கணக்குப்படி ஊர் மட்டுமல்ல, குளத்தில் இருப்பவையும் கேட்கும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எழுதத்தான் செய்கிறேன், நாளைத் தபால் விமானத்தில் போட்டால் வியாழனே உன் கைக்கு வந்துவிடும்.

என் வேலை உனக்குத் தெரியும், செயற்கைக்கோள் படத்தில் குளம் எண்ணுவது. நீ பள்ளி முடித்த வருஷத்துப் படத்தில் இந்த ஓடையில் ஒரு குளம்கூட இல்லை. பீவர் என்றால் தெற்கே காட்டுப் பக்கம் மரம் கடித்து அணை கட்டும் பெரிய எலி, நமக்குத் தோலாக மட்டும் வருவது, அவ்வளவுதான். மரமே இல்லாத நம் சமவெளியில் அதற்கு என்ன வேலை? இப்போது குளிர் குறைந்து ஓடையோரம் வில்லோப் புதர் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. தின்னவும் கட்டவும் அவற்றுக்கு அது போதும். ஆற்றோடு ஏறி, கணவாயைத் தாண்டி, சிலது கடலோரமாகவே நீந்தி வந்துவிட்டன. பீவர் வாழும் எல்லை என்று ஒரு கோடு உண்டு. அலுவலகத்தில் அதை அழித்து அழித்து வடக்கே தள்ளி வரைவதே பிழைப்பாகிவிட்டது. வடக்கே பெரிய மலைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இன்னும் போகவில்லை.

அவை வந்த பிறகு இடம் பழைய இடமாக இருப்பதில்லை. நம் ஓடை குளிர்காலத்தில் அடிவரை உறையும். அதை நம்பித்தான் அப்பா காலத்திலிருந்து அதன் மேலேயே பனிவண்டி ஓட்டினோம். அணை கட்டினால் தண்ணீர் ஆழமாகிறது. ஆழத்தில் உறைவதில்லை. நிலத்துக்குள் இருக்கும் பழைய ஐஸ்கூட உருகுகிறது. மேலே பார்த்தால் எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருக்கும். மார்ச்சில் ரோஸ்வெல் அத்தான் பழைய தடத்தில்தான் போனார்; ஐஸ் உடைந்தது. மிச்சம் உனக்கே தெரியும்.

தேடுதல் குழு கொக்கி போட்டுத் துழாவிவிட்டு, உடல் கிடைக்கவில்லை என்று போய்விட்டது. இந்த வருஷம் தண்ணீர் உறைவதற்குள், குழந்தையோடு நீ ஊர் திரும்புவதற்குள், அவரை எடுத்து மேட்டில் அவர் அப்பா பக்கத்தில் வைப்பேன் என்று உன்னிடம் சொன்னேன். அதற்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஓரத்தில் இப்போதே ஐஸ் கண்ணாடி மாதிரி படர்கிறது.

மூன்று தடவை அணையை வெட்டினேன். மூன்று தடவையும் மறுநாள் காலையில் அடைத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கிளாய்டுக்கு ஒரே கொண்டாட்டம். ஊரே கேட்க வாக்கிடாக்கியில், ‘என்ன இஞ்சினியரு, படிச்ச படிப்பெல்லாம் எலிகிட்ட போச்சா? பேசாம அந்தப் பல்லனையே அலுவலகத்துல வேலைக்கு வச்சுக்கச் சொல்லு. லீவே கேக்க மாட்டான்’ என்கிறான். இங்கே யாரும் இப்போது பீவர் என்று பெயர் சொல்வதில்லை. பல்லன் என்கிறார்கள். அத்தைதான் ஆரம்பித்து வைத்தார்.

வெட்டிய இடத்தை அவை எதைக் கொண்டு அடைத்தன என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி. முதல் தடவை சேற்றுக்கும் குச்சிக்கும் நடுவே மஞ்சள் கயிறு. யாருடையதோ என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை, பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியின் பலகை ஒன்று. நீல வண்ணம் பூசிய ஆணி. அந்த ஆணிகளை அத்தானுக்கு அடித்துக் கொடுத்தவனே நான்தான். மூன்றாவது தடவை, நீ தைத்த கையுறை, இடது கை. பீவர் தோல் கையுறை, அக்கா. தங்கள் தோலையே எடுத்து வந்து அணையில் செருகி, சேறு பூசியிருந்தன.

பயப்பட இதில் ஒன்றுமில்லை. பீவருக்குக் கிடைத்ததெல்லாம் கட்டடச் சாமான். எனக்கு இது துப்பு. எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று, படகில் போய் மீன் தேடும் கருவியை வைத்து அடியைப் பார்த்தேன். ஓடையின் பழைய வளைவில் சறுக்குவண்டியின் சட்டம் தெரிகிறது. அதன் மேலேதான் அவை வீடு கட்டியிருக்கின்றன. குச்சியும் சேறுமாக, கவிழ்த்த கூடை மாதிரி, தண்ணீருக்கு மேல் என் உயரம். அத்தான் அந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறார்.

சொல்லக் கஷ்டமாக இருப்பது இனிமேல்தான்.

அந்த வீட்டுக்குள் குழந்தை அழுகிறது. பதறாதே. பீவர்க் குட்டிகள் அழுதால் அப்படியே கைக்குழந்தை அழுகிற மாதிரி இருக்கும். தெற்கே சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நம் ஊருக்குத் தெரியாது. நம் ஊரில் யார் பீவர்க் குட்டியைக் கேட்டிருக்கிறார்கள்? ஜூலையில் மேபெல் அத்தை பழம் பறிக்கப் போனவர், அந்தச் சத்தத்தைக் கேட்டு, கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இறந்தவர் பெயர் அடுத்துப் பிறப்பதற்குத்தானே போகும், பெயரோடு ஆளும்தானே வரும்? மகன் போன இடம், அங்கே ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. ‘நஷூக், வந்துட்டியாடா?’ என்று கேட்டுவிட்டார். அத்தானுக்கு நம் மொழியில் இருந்த பெயரை, உன் குழந்தைக்கு என்று நாம் எல்லோரும் வைத்திருந்த பெயரை, ஒரு பீவர்க் குட்டிக்கு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் போகிறார். நீ ஆகஸ்டில் கேட்டாயே, குழந்தைக்கு அத்தை தைக்கும் குளிர்ச்சட்டை, அந்தச் சின்னப் பார்க்கா, முடிந்ததா என்று. முடிந்தது. அதைக் கொண்டுபோய்க் குளக்கரை வில்லோக் கிளையில் மாட்டியிருந்தார். நான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். ‘அது எலி, அத்தை! உங்க பேரக்குழந்தை ஆங்கரேஜ்ல இருக்கு!’ என்றேன். அவர் கோபப்படவே இல்லை. ‘உடம்பு அவங்ககிட்ட இருக்கு. பேரையும் நானே குடுத்துத் தொலைச்சிட்டேன். ரெண்டையும் ஒண்ணா பிடுங்கினா சும்மா விடுவாங்களாடா? வெர்னாகிட்டச் சொல்லு, வேற பேர் வைக்கட்டும்’ என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால், அந்த ஒரு புதரை மட்டும் அடியோடு கடித்துச் சாய்த்திருந்தன. பார்க்கா தண்ணீரில் மிதந்தது. தங்கள் வீட்டுப் பக்கமாகப் பாதி வழி வரை இழுத்துப் போயிருந்தன. துடுப்பால் வளைத்து எடுத்தேன்.

அத்தைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் ஒரு சோதனை வைத்தேன். சும்மா பேசினால் வேலைக்காகாது, எதையும் செய்து காட்ட வேண்டும் என்பவன் நான். கரையில் அவரை நிற்க வைத்து, வீட்டைப் பார்த்துக் கத்தினேன். முதலில் என் பெயர். உள்ளே அழுகை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளாய்ட் என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பிறகு நஷூக் என்றேன்.

அழுகை நின்றது. பிறகு ஒரே ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. நீ அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அத்தான் பட்டறையிலிருந்து ‘ம்?’ என்பாரே, அது.

வார்த்தையின் ஒலி காரணமாக இருக்கலாம். ‘ஷூ’ என்பது தண்ணீர் கசியும் சத்தம் மாதிரி கேட்கும், அதற்குத்தான் அவை காது கொடுக்கும். இதை அத்தையிடம் விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘அப்ப இன்னொரு தடவை கூப்பிட வேண்டியதுதானேடா?’ என்று மட்டும் கேட்டார். நான் கூப்பிடவில்லை, குளிர்தான் காரணம்.

அக்கா, நீ வேறு பெயர் வைக்காதே. பையனோ பெண்ணோ, அது நஷூக். பெண்ணாகப் பிறந்தாலும் நான் ‘அத்தான்’ என்றுதான் கூப்பிடுவேன். அது பிடிக்கும் முதல் மீன் எனக்குத்தான் வேண்டும். அத்தைக்கும் அதுதான் மகன். தவறிப் போன இடத்தில் ஒரு கிழவி தவறிச் சொன்ன வார்த்தைக்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவைப் பிரசவம் என்று டாக்டர் நேரம் குறித்துவிட்டதாக எழுதியிருந்தாய். தைரியமாகப் போ. நம் அம்மாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
எல்டன்

பி.கு. இனி நான் செய்யப்போவது:

1. நாளை அணையை வெட்ட மாட்டேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால்தான் அவை வந்து அடைக்கின்றன. அணைக்கு அடியில் நீளக் குழாய் செருகி, அதன் வாயை ஆழத்தில் வைத்து, சத்தமே இல்லாமல் வடிப்பேன். கிளாய்ட் உதவிக்கு வருகிறான். வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

2. வாரக் கடைசியில் தண்ணீர் இறங்கியதும் அவற்றின் வீட்டை ஒரு பக்கம் மட்டும் பிரிப்பேன். உள்ளே இருப்பவை போக மறுபக்கம் வழி விடுவேன். ஒன்றையும் கொல்ல மாட்டேன். இது அத்தைக்காக.

3. அத்தானை எடுத்து, குளத்து ஈரம் இன்னும் எட்டாத மேட்டில் வைப்பேன். நீ வந்த பிறகு சிலுவை நடலாம்.

4. சின்னப் பார்க்காவை உனக்கு அனுப்பப்போவதில்லை. பூஞ்சை பிடித்திருக்கும், அதனால்தான். அங்கேயே யாரிடமாவது வேறு ஒன்று தைக்கச் சொல்.

5. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் கரையில் நிற்பேன். குழந்தையை உன் மார்பில் வைத்ததும், தாதி வாய் திறப்பதற்குள், நீ அதன் காதில் பெயரைச் சொல். உரக்கச் சொல், அது திரும்பிப் பார்க்கும்வரை சொல். பெயர் இங்கிருந்து உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டதா என்று, நானும் இங்கே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன். பதில் வந்ததா என்று மட்டும் என்னிடம் எப்போதும் கேட்காதே.