வெண்கலம் என்றுதானே சொன்னாய்

வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு வாங்கிய பூவன் சீப்பு அலமாரியிலேயே கனிந்து கறுத்துவிட்டது. இரண்டு நாளாக வீடு முழுக்க அந்த வாசனை. மற்றவர்களுக்கு அது வாழைப்பழம். எனக்கு அது நீ வெண்கலப் பொடியைக் கரைத்த வார்னிஷ். டப்பாவைத் திறந்தாலே கனிந்த பழம்தான் மணக்கும். "பசிக்குது மேஸ்திரி" என்று மோந்து பார்த்துவிட்டுச் சொல்வாய். நான் சிரிப்பேன். இப்போது அந்தச் சீப்பைத் தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ செத்துப்போன செய்தி திங்கட்கிழமை வந்தது. உன் தம்பி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, பிரான்ஸிலிருந்து தந்தி வந்ததாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உனக்காகப் பூசை வைக்கிறார்களாம். எந்த நாட்டுக் குடிமகன், இந்தியாவா, பிரான்ஸா என்று எழுதிக்கொடுக்கிற காகிதத்தோடு ஊரே இப்போதுதான் அலைகிறது. நீ அதற்கு முன்னாலேயே கப்பலேறியவன், இந்த உலகத்தைவிட்டும் முந்திக்கொண்டு போய்விட்டாய். என் மனைவி தாட்சாயணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "அண்ணன் போயிட்டாரே" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. என்றைக்காவது திரும்பி வருவாய், அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷம், முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளர்கள் தங்கள் வாசகசாலை முற்றத்தில் ஒரு சிலை வைக்க ஆசைப்பட்டார்கள். தலைவர் சிலை வேண்டாம், தொழிலாளி சிலை வேண்டும் என்றார்கள். வீட்டு முகப்புகளில் மயிலும் யாளியும் செய்துகொண்டிருந்த கொத்தன் என்னைத் தேடி வந்தார்கள். மாதா சிலைக்கும் சிறகு வைத்த சம்மனசுகளுக்கும் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த உன்னை நான் தேடி வந்தேன். உன்னை அந்த முற்றத்துக்குக் கூட்டி வந்தவன் நான்தான். அதை எத்தனை முறை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா?

எட்டு மாதம். கம்பி கட்டி, சிமெண்ட் அப்பி, கரண்டியாலும் கட்டைவிரலாலும் இழைத்து இழைத்து ஏழடி உயரத்துக்கு ஒரு பெண்ணை நிறுத்தினேன். கையில் நூல்கட்டை. மில்லில் நூல் சுற்றுகிற வேலை பார்த்த தாட்சாயணியின் முகத்தைத்தான் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும். நான் மூக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நீயே கண்டுபிடித்தாய்.

"தங்கச்சியா இது? அடப்பாவி மேஸ்திரி! எட்டு மாசமா சாரத்து மேல ஏறி நின்னு பொண்டாட்டியவா கொஞ்சிக்கிட்டு இருந்த?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஊரில் ஒருத்தனுக்காவது தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

மேலே என்ன பூசுவது என்பதில்தான் நாம் பத்து நாள் மல்லுக்கட்டினோம். சிமெண்டில் நாலு கைகள் வார்த்துக் கொடுத்தேன். நாலுக்கும் நாலு விதமாகப் பூசி மதில்மேல் வரிசையாக வைத்தாய். அலுமினியக் கையைப் பார்த்து, "சோத்துக் குண்டான் மாதிரி இருக்கு" என்று நீயே தள்ளிவிட்டாய். தங்கக் கையை நான் தள்ளினேன். தங்கம் பூசினால் மறுநாளே யாராவது சூடம் கொளுத்திவிடுவார்கள். மூன்றாவது, பளிச்சென்ற வெண்கலம். நாலாவது கையில் வெண்கலத்தின்மேல் பச்சையைத் தேய்த்திருந்தாய். வெள்ளைக்காரத் தெருவில் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்று பழசான சிலைகளின் நிறம். "இதுக்குப் பேரு பத்தீன்" என்றாய். சொல்லும்போது உன் குரலே மாறிவிட்டது.

"எங்க வீட்ல இதுக்குப் பேரு களிம்பு" என்றேன்.

அப்போதுதான் தாட்சாயணி ஷிப்டு முடிந்து நமக்குக் காபி கொண்டு வந்தாள். பச்சைக் கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஐய, இத யாரு தேய்க்காம போட்டு வெச்சது? குடுங்கண்ணே, ஒரு பிடி புளி போட்டா போயிடும்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சரி தங்கச்சி, உனக்காக வெண்கலந்தான். மாதா மேல சத்தியம்" என்றாய். அவள் கேட்காமலே சத்தியம் செய்தாய்.

பூச்சு வேலை தொடங்கிய அன்று எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, பாயில் கிடந்தேன். நீ உள்ளே வரக் கூடாது, சன்னலுக்கு வெளியே நின்று பேசுவாய். ஒரு நாள் தெருவிலிருந்தே கத்தினாய்: "முடிஞ்சுது மேஸ்திரி! அப்படியே வெண்கலமா மின்னுது, கண்ணு கூசுது!" காய்ச்சலிலும் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

அம்மை இறங்கி எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் சிலை திறந்தார்கள். தாட்சாயணி புதுப்புடவை கட்டி என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவளை எங்கே நிற்க வைத்தால் முதலில் அந்த முகம் தெரியும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். துணியை இழுத்தார்கள். பச்சை. நெற்றியிலிருந்து பாதம் வரை ஒரே பச்சை. கன்னத்தில் கண்ணீர் வழிந்த தடம்போல் அடர்த்தியாகப் பச்சை. கூட்டத்தில் ஒரு கிழவி, "ஐயோ, களிம்பு ஏறிக் கெடக்குறாளே" என்றாள். மில்லில் இவளோடு வேலை செய்கிற ஒருத்தி, "அடியே, இது நம்ம தாட்சாயணிடீ!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ எங்கே இருந்தாய்? ஒரு முசியே பக்கத்தில் நின்றிருந்தாய். வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பிரெஞ்சுக்காரரை உன் செலவில் ரிக்‌ஷா வைத்துக் கூட்டி வந்தாயாம். பிரான்ஸில் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கக்கூடியவர் என்று பிறகு தெரிந்தது. அவர் சிலையைச் சுற்றி வந்து உன் தோளைத் தட்டினார். சிலை வைத்த மில் சங்கத்துக்காரர் வந்து, "என்னாய்யா இது கோலம்?" என்று கேட்டபோது, "மேஸ்திரி கேட்டாரு, அடிச்சேன்" என்றாய். முசியேவிடம் உன் வேலை, சங்கத்தாரிடம் என் வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய்.

"பொய்" என்று கத்தினேன். அம்மையில் வற்றிய தொண்டை, அது யார் காதிலும் விழவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். தாட்சாயணியிடம் தனியாகப் போய், "சீக்காளி கேட்டத மறுக்க முடியல தங்கச்சி" என்றாயே. அவள் நம்பினாள். சன்னலில் நாம் பேசியதைப் பார்த்தவள், என்ன பேசினோம் என்று காதில் வாங்காதவள். "ஜொரத்துல நீ என்னா ஒளறினியோ" என்று மட்டும் சொன்னாள், பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, காய்ச்சலில் நான்தான் சொல்லித் தொலைத்தேனோ என்று. பச்சையைவிட அதுதான் நீ எனக்குச் செய்த துரோகம். மில்லில் அவளுக்குக் 'களிம்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் மில்லுக்குப் போகிறாள். நீ ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். கிறிஸ்துமஸுக்குப் படம் போட்ட அட்டை அனுப்பத் தெரிந்ததே உனக்கு!

திங்கட்கிழமை அவள் அழுது ஓய்ந்ததும் சொன்னேன். "இப்பவாவது நம்பு. நான் பச்ச கேக்கல."

"செத்தவங்க மேல பழி போடாத" என்றாள்.

இன்று காலை அவள் உன் பூசைக்குப் போனாள். நான் ஒரு உருண்டைப் புளியும் செங்கல்தூளும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். ஏணி போட்டு ஏறி, கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தேன். பச்சை கரைந்து வழிந்தது. சிமெண்டின் சாம்பல் நிறம் வரும் என்றுதான் நினைத்தேன். அடியில் மங்கலாக மஞ்சள் வந்தது. இன்னும் தேய்த்தேன். நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் வெண்கலம்.

பச்சை பிடிக்க அடியில் வெண்கலம் பூசியாக வேண்டும், அது உன் தொழில் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏணியில் நின்றபோது வேறொன்றும் புரிந்தது. தெருவிலிருந்து கத்தினாயே, அன்றைக்கு நீ பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் மின்னியிருக்கிறாள். கண் கூச, ஏழடி உயரத்துக்கு மின்னியிருக்கிறாள். சாரத்தைச் சுற்றிக் கட்டிய படுதாவுக்குள் அதைப் பார்த்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். பார்த்துவிட்டு மூடியிருக்கிறாய்.

முகத்தை மட்டும் துடைத்துவிட்டு இறங்கினேன். கழுத்துக்குக் கீழே உன் பச்சை அப்படியே இருக்கட்டும்.

தாட்சாயணி பூசை முடிந்து வந்தவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "எந்தப் பாத்திரத்தத் தேச்ச?" என்று கேட்டாள். நாளைக்கு அவளை அந்தத் தெரு வழியாகக் கூட்டிப்போகப் போகிறேன். வருவாளோ, மாட்டாளோ. புளி வாசனை போகச் சீயக்காய் போட்டுக் கழுவியாயிற்று. நகத்துக்குள் புகுந்த உன் பச்சை மட்டும் இன்னும் போகவில்லை.