வழிமொழிய ஆளில்லாமல் போன திருத்தம்

அன்பு வரதா,

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தவன் இப்போது எழுதுகிறேன். அதுவும் நம் கல்லூரி ஆண்டு மலரில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். நீ வரலாறு நடத்திய அழகு, மாணவர்களைக் கூரத்துக்கும் மாகறலுக்கும் சைக்கிளில் அழைத்துப் போய்க் கல்வெட்டு காட்டியது, எல்லாம் எழுதிப் பார்த்தேன். பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் உன்னைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் ஆண்டாள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் கெட்டி, உன்னை மாதிரி இல்லை. உன் மனைவி செங்கமலம் அம்மாவுக்கு நம் கல்லூரி நூலகத்திலேயே உதவியாளர் வேலை கொடுத்தார்கள். காலையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே வருகிறார். புத்தகத்தில் தேதி முத்திரை குத்தித் தருகிறார். அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கால் கூசுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பல்கலைக்கழக செனட்டுக்குக் கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது வழக்கம். நானும் வரதனும் ஒரே தேர்தலில் நின்றோம். அவன் வரலாறு, நான் வேதியியல். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் ஓட்டுக் கேட்டோம். அவன் பெருமாள் கோயில் தெருக்காரன், நான் மாகறலில் ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளை. "ரெண்டு பேரையும் சேர்த்து ஜெயிக்க வெச்சுடுங்கோ, தனித்தனியா நாங்க உபயோகப்பட மாட்டோம்" என்று அவன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெயித்தோம்.

வரதா, செனட்டை நீ நம்பின மாதிரி நான் நம்பினதில்லை. மேலே முடிவு செய்துவிட்டு நம்மிடம் கைதூக்கச் சொல்கிறார்கள் என்று நான் சலித்துக்கொள்வேன். உனக்குக் கோபம் வரும். "அப்படி நினைச்சுண்டு நாம பேசாம இருந்தா, அது அப்படித்தான் ஆகும். நூறு பேரை உட்கார வெச்சுண்டு ஒருத்தர் முடிவு பண்ண முடியாதுன்னுதானே சட்டம் எழுதியிருக்கா?" என்பாய். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலால் கோடு போடுவாய்.

அப்போதுதான் அந்தத் தீர்மானம் வந்தது. கல்லூரிக்கு வராமல் வீட்டிலிருந்தே படித்துப் பட்டத் தேர்வு எழுதலாம் என்று பெண்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வழி இருந்தது. தனித்தேர்வர் என்று பெயர். தேர்வில் முறைகேடு நடக்கிறது, தரம் குறைகிறது என்று சொல்லி, வருகிற ஆண்டோடு அதை அடியோடு எடுத்துவிடப் போவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள்.

அந்த வழியில் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் இழைத்துக்கொண்டே பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்த பெண்ணை நீதான் எனக்குக் காட்டினாய். கூரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். பிறகு உன் வீட்டிலேயே செங்கமலம் அம்மா. பி.யு.சி. முடித்ததும் கல்யாணம், பிறகு ஆண்டாள். அடுக்களை வேலை முடித்துவிட்டுத் தமிழ் இலக்கியம் படித்தார். மொழித்தாள்களில் தேறிவிட்டார். முக்கியப் பாடங்கள்தான் பாக்கி. பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை ஆக வேண்டும் என்பது அவர் ஆசை.

முழுத் தீர்மானத்தையும் தோற்கடிக்க முடியாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரே ஒரு திருத்தம் எழுதினாய். புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம்; ஏற்கெனவே பாதி தேறியவர்கள் மட்டும் மீதியை எழுதி முடிக்கட்டும். அவ்வளவுதான். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் எழுந்து வழிமொழிய வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கே விடுவார்கள்.

"ஆத்துலேயே ஒருத்தி இருக்கா, அவளுக்காகத்தான் கேக்கறான்னு சொல்லிடுவா. அதனால நீ வழிமொழிஞ்சாத்தான் அதுக்கு மதிப்பு" என்றாய்.

"நீ பேசிட்டு உட்காருப்பா. நான் பின்னாடியே எழுந்துக்கறேன். இதெல்லாம் சொல்லிக்கினு இருக்கணுமா?" என்றேன்.

என்னை நம்பி நீ வேறு யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.

கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வராந்தாவில், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் உறுப்பினர் ஒருவர் என் தோளைத் தொட்டார். பெயர் வேண்டாம், தவறு அவருடையது இல்லை. "ஆறுமுகம், உங்க காலேஜ் எம்.எஸ்ஸி. விஷயம் நாளைக்கு சிண்டிகேட்ல வருது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"நல்லபடியா முடியும். இன்னிக்குத் தீர்மானம் அப்படியே போயிடணும்னு வி.சி. நெனைக்கிறார். திருத்தம் கிருத்தம்னு இழுத்துவிட வேணாம். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மிரட்டவில்லை. நம் கல்லூரியில் முதுகலை வேதியியல் வர வேண்டும் என்று நான் எத்தனை வருடமாக அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த மனுக்களின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்ததே நீதான். அவரிடம் நான் தலையாட்டினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை. உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். "இப்படி ஒரு இக்கட்டு, வேறு ஆளைப் பிடி" என்று சொல்லியிருந்தால், நீ அரை நிமிடத்தில் இன்னொருவரைக் கண்டுபிடித்திருப்பாய். ஏன் சொல்லவில்லை? வெட்கமா? கடைசி நேரத்தில் எப்படியும் எழுந்துவிடுவேன் என்று என்னையே நான் நம்பினேனா?

நீ பேசினாய். நன்றாகப் பேசினாய். உட்கார்ந்தாய். "வழிமொழிபவர் உண்டா?" என்று துணைவேந்தர் கேட்டார். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு நிச்சயம் உனக்கு. அடுத்த நாற்காலியில் நான் இருக்கிறேன். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இரண்டாம் முறை கேட்டார். அப்போதுதான் திரும்பினாய். நான் மேஜை மேலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வழிமொழிவார் இல்லை. திருத்தம் கைவிடப்படுகிறது" என்றார். பின்வரிசையில் ஒரு பெண்கள் கல்லூரி முதல்வர் அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். அவர் எழுவதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

பாரிமுனையில் பஸ் ஏறினோம். நீ வழக்கம்போல ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டாய். வழக்கம்போல வேர்க்கடலை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினாய். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நின்றபோது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்:

"தொண்டை கட்டிண்டுடுத்தா ஆறுமுகம்?"

நான் தப்பித்துக்கொள்ள நீயே ஒரு வழியைக் கொடுத்தாய். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

"ஆமாம்பா. காலையிலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருந்துது" என்றேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒரு தூக்குப் பாத்திரத்தை என் முன்னால் வைத்தாய். மிளகுக் கஷாயம். "அவ போட்டுக் குடுத்தா. சூடா குடிச்சிடு" என்றாய். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன் வரதா. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அதே வாரம் எம்.எஸ்ஸி. அனுமதி வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். முதலில் கைகொடுத்தவன் நீ. அந்தக் கையில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அதன் பிறகு நம் பேச்சில் எதுவும் குறையவில்லை. ஆனால் செனட் பேச்சை மட்டும் நீ என்னிடம் எடுக்கவே இல்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நான் நாளைக் கடத்தினேன். அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கீழாநெல்லி, பத்தியம் என்று வீட்டிலேயே பார்த்தார்கள். பிறகு அரசு மருத்துவமனை. நான் தினமும் வந்தேன். தினமும் யாராவது பக்கத்தில் இருந்தார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் பிற்பகல் நாம் இருவர் மட்டும் இருந்தோம். உன் கண்கள் நல்ல மஞ்சளாக இருந்தன. "அடுத்த கூட்டத்துக்கு அந்தத் திருத்தத்துக்கு மறுபடி நோட்டீஸ் குடுக்கலாம்னு இருக்கேன். எழுதிக்கூட வெச்சுட்டேன்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வழிமொழிய யார் இருக்கா, சொல்லு?" என்றாய்.

"நான் இருக்கேன்பா" என்றேன்.

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம்? நம்பினாயா? இவனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது என்று விட்டாயா? நான்காம் நாள் நீ போய்விட்டாய். கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

உன் மேஜையில் அந்த நோட்டீஸ் இருந்தது. உன் கையெழுத்திலிருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் என் பெயரில் அனுப்பினேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் பின்வரிசை அம்மா, கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து வழிமொழிந்தார். "போன தடவையே செய்திருக்க வேண்டியது. நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன்" என்று சபையிலேயே வருத்தம் தெரிவித்தார். அவர் எதற்கு வருந்த வேண்டும்? நான் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டுக்கு விடவில்லை. ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தது. கடைசியில் நீ கேட்டதைக் கொடுத்தார்கள், ஒரு வரம்போடு. மொழித்தாள்களில் தேறி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகாதவர்கள் மட்டும் மீதியை எழுதலாம்.

சுற்றறிக்கை கைக்கு வந்ததும் உன் வீட்டுக்கு ஓடினேன். அந்த வரம்பைச் சரியாகப் பார்க்காமலே ஓடினேன். செங்கமலம் அம்மா வாங்கி நின்றபடியே படித்தார். என்னைவிட வேகமாகப் படிக்கிறவர்.

"எனக்கு நாலு வருஷம் ஆயிடுத்தே. எனக்கு இல்லை போலிருக்கு" என்றார். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "போறது, மத்தவாளுக்காவது கிடைச்சுதே. அவர் கேட்டது வீணாப் போகலை." பிறகு, என் மேல் ஒரு குறையும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "என்னமோ, அன்னிக்கு உங்களுக்குத் தொண்டை கட்டாம இருந்திருந்தா..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "எனக்குத் தொண்டை கட்டலீங்கம்மா" என்றேன். வராந்தாவில் நடந்தது, எம்.எஸ்ஸி., காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுண்டா என்னைக் கஷாயம் போடச் சொன்னார்?"

அவர் அழுதார். நீ போன அன்றுகூட நான் அப்படிப் பார்க்கவில்லை. என்னால் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த வருத்தத்தை அவரிடம்கூடச் சொல்லாமல் நீ தனியாகச் சுமந்துகொண்டு போனாயே, அதற்காக அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்கோ" என்றார். எத்தனை வருடமாக அந்த வீட்டுக்கு வந்து போகிறவன் நான். எப்போதும் "போயிட்டு வாங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

வரதா, வேதியியல் ஆய்வகம் நன்றாக இருக்கிறது. முதலில் சேர்ந்த மாணவர்களில் இரண்டு பெண்கள் கெட்டிக்காரர்கள். எல்லாம் பாழாய்ப் போயிருந்தால் தண்டனை என்றாவது நினைத்துக்கொள்வேன். அப்படியும் இல்லை. காலையில் கதவைத் திறக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உடனே உன் ஞாபகம் வந்துவிடுகிறது.

செனட்டின் நடவடிக்கைக் குறிப்பில் "வழிமொழிவார் இல்லாததால் கைவிடப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று அதில் இல்லை. அதனால் இங்கே எழுதினேன். என்னோடு வேலை பார்க்கிறவர்களும் என்னிடம் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அவர் வீட்டு விஷயம் ஆயிற்றே என்று இதை நூலகத்தில் செங்கமலம் அம்மாவிடம் கொடுத்து அனுமதி கேட்டேன். இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு திருப்பித் தந்தார். பக்கங்களைப் புரட்டினால், நான் விட்டிருந்த ஒற்றுப்பிழைகளையெல்லாம் பென்சிலால் திருத்தியிருந்தார். கடைசியில் உன்னிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு.

ஆகவே அதை நான் இங்கே கேட்கவில்லை. அந்த மூன்றாண்டு வரம்பை நீக்கச் சொல்லி நேற்று நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை தள்ளினால் அடுத்த கூட்டத்துக்கு அனுப்புவேன், அதற்கடுத்ததற்கும். என்னைத் திரும்பத் தேர்ந்தெடுக்காவிட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். செங்கமலம் அம்மா தேர்வு எழுதுவாரா, மாட்டாரா, தெரியாது. அது அவர் இஷ்டம். அவர் எழுத நினைக்கிற அன்று அந்த வழி திறந்திருக்கும்படி செய்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணன் தம்பி இல்லாமல் வளர்ந்து, உன்னைத் தன்னோடு பிறந்தவனாக எண்ணிய,
ஆறுமுகம்